தென்கரையில் விழுந்த வெட்டு

நீங்கள்தான் கரையை வெட்டச் சொன்னீர்கள். மழை வெட்டவில்லை. ஆறு வெட்டவில்லை. நண்டு வளையில் கசிந்து தானாக உடைந்தது என்று எழுதி வைத்திருக்கிறார்களே, அந்த நண்டும் வெட்டவில்லை. நீங்கள் சொன்னீர்கள், உங்கள் ஆட்கள் வெட்டினார்கள், என் அம்மா செத்துப்போனாள்.

"நீங்கள்" என்று எழுதுகிறேன். பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். என் வாயில் வருவது வேறு.

இத்தனை வருஷம் நான் இதை எழுதவில்லை. பயம் ஒரு காரணம், பிழைப்பு இன்னொரு காரணம். போன கிராமசபைக் கூட்டத்தில் நீங்கள் மைக்கைப் பிடித்துப் பேசியதைக் கேட்ட பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆற்றின் வடகரை முழுவதையும் உயர்த்திக் கான்கிரீட் போடப் போகிறோம் என்றீர்கள். கை தட்டினார்கள். தென்கரையையும் உயர்த்துவோம், எங்கள் தெருவுக்கு நேரே ஓர் இடத்தை மட்டும் பழைய உயரத்திலேயே விட்டுவிடுவோம் என்றீர்கள். "அது இயற்கையாவே உடையற எடங்க. வெள்ளம் வந்தா தண்ணி அந்தப் பக்கமா போயிரும். ஊரு தப்பிச்சுக்கும்." அதற்கும் கை தட்டினார்கள்.

ஊர் என்று எதைச் சொன்னீர்கள்? அந்தப் பக்கத்தில் என் வீடு இருக்கிறது. என் மருமகள் பல் முளைக்காத குழந்தையை அங்கேதான் தூளியில் போட்டு ஆட்டுகிறாள்.

நான் கையைத் தூக்கினேன். மைக் என்னிடம் வரவில்லை. "அம்மா பெரியவங்க, அவங்க அப்பறமா பேசட்டும்" என்று நீங்களே சிரித்துக்கொண்டு சொன்னீர்கள். அப்புறம் தேநீர் கொடுத்தார்கள், கூட்டம் முடிந்தது. ஆகவே எல்லாரும் படிக்க இந்தக் கடிதத்தில் பேசுகிறேன்.

வெளியூர்க்காரர்களுக்கு எங்கள் இடம் புரிய வேண்டும். நீடாமங்கலம் பக்கத்திலிருந்து கிழக்கே கீழ்வேளூர்ப் பக்கம் வரும் ஆறுகளில் ஒன்று எங்கள் ஆறு. பெரிய ஆறு இல்லை. கோடையில் ஆடு நடந்து கடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் அதன் முகம் வேறு. வடகரையில் ஊர், கோயில், மிராசுதார் வீடு, அவருடைய நஞ்சை. தென்கரையில் கரையை ஒட்டிப் பள்ளத்தில் எங்கள் தெரு. எங்கள் ஆட்கள் எல்லாரும் அந்த மிராசுதாரின் பண்ணையில் வேலை செய்தவர்கள். நான் சொல்லும் "நீங்கள்" அவருடைய மகன். அப்போது பட்டணத்தில் காலேஜ் படித்துவிட்டு ஊருக்கு வந்திருந்த இளைஞர். எங்கள் ஆட்கள் சின்னையா என்பார்கள். இப்போது தலைவர் என்கிறார்கள்.

இன்னொரு விஷயமும் புரிய வேண்டும். ஆற்றில் வெள்ளம் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போகும்போது ஒரு கரை உடைந்தால் மறு கரை பிழைத்துக்கொள்ளும். இது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அதனால் வெள்ளம் வந்தால் கரைக்காவல் உண்டு. ஆண்கள் எல்லாரும் மண்வெட்டி, சாக்கு, முறுக்கிய வைக்கோல் பிரி, மூங்கில் முளையோடு கரையில் நிற்பார்கள். கசிகிற இடத்தை அடைப்பார்கள். எதிர்க்கரைக்காரன் திருட்டுத்தனமாக வந்து வெட்டிவிடாமல் பார்ப்பார்கள்.

எங்கள் ஊரில் இதற்கு ஒரு வழக்கம் இருந்தது. தென்கரைத் தெருவின் ஆண்கள் வடகரையைக் காக்கப் போக வேண்டும். தங்கள் வீடு பள்ளத்தில் கிடக்க, எதிர்க்கரையில் போய் நிற்க வேண்டும். பண்ணையின் ஆள் என்றால் பண்ணையின் கரையும் அவன் பொறுப்பு. அது பழகிப் பழகி அடிமை வேலை என்பதே மறந்துபோய், மானப் பிரச்சினை ஆகிவிட்டது. கரைக்குக் கூப்பிட்டுப் போகாதவன் மனுஷனே இல்லை என்பார்கள் எங்கள் ஆட்களே. ஆற்றுக்குப் பகை கிடையாது, வெள்ளம் வந்தால் தகராறை மறந்துவிட வேண்டும் என்பார்கள். இந்தப் பெருமைதான் எங்களைக் கொன்றது.

அந்த வருஷம் குறுவை அறுப்பில் தகராறு. ஆட்சி மாறிச் சில வருஷம் ஆகியிருந்தது. மேடைக்கு மேடை ஏழைகளின் அரசு என்று பேசினார்கள். எங்கள் தெருவில் சங்கக் கொடி ஏறியிருந்தது. அறுப்புக் கூலியைக் கூட்டிக் கொடு என்று எங்கள் ஆட்கள் கேட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்கினார். எங்கள் ஆட்கள் வயல் வரப்பில் உட்கார்ந்து மறித்தார்கள். போலீஸ் வந்தது. தடியடி நடந்தது. என் சித்தப்பாவுக்குக் கை முறிந்தது. கடைசியில் வெளியூர் ஆட்கள்தான் அறுத்தார்கள். எங்களுக்கு வேலையும் இல்லை, கடையில் கடனும் கிடைக்கவில்லை. அம்மா நத்தை பொறுக்கி வந்து வேக வைத்தாள்.

அந்த நாட்களில் உங்கள் வீட்டுக் காரியக்காரர், அதாவது பண்ணை வேலையை மேற்பார்க்கிறவர், எங்கள் தெரு முனையில் சைக்கிளை நிறுத்தி ஒற்றைக் காலை ஊன்றி நின்றுகொண்டு சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

"கொடி கட்டுனீங்கல்ல? அந்தக் கொடிய அறுத்து ஒல வைங்கடா. வேவுதான்னு பாப்பம்."

என் அம்மா அடுப்படியிலிருந்து பதில் சொன்னாள். "ஒங்க வூட்டு ஒலயில எங்க அரிசிதாங்க வேவுது. அது நல்லாத்தான் வேவும்."

தெரு சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. "ஒன் வாயி ஒருநாளு நம்மள கொல்லப் போவுது" என்றார். அம்மாவைக் கொன்றது அவள் வாய் இல்லை. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அறுப்பு முடிந்து சம்பா நட்டு வேர் பிடித்த நேரம் மழை பிடித்தது. விட்டுவிட்டுப் பெய்கிற மழை இல்லை. வானம் தரையில் உட்கார்ந்துவிட்டது. மேற்கே அணைகளைத் திறந்துவிட்டார்கள் என்று பேச்சு வந்தது. எங்கள் ஆறு கலங்கல் நிறத்தில் ஏறிக்கொண்டே வந்தது. கரைச் சரிவில் எருமை கட்டுகிற முளை முழுகியது. அப்புறம் துணி துவைக்கிற கல். நான் பள்ளிக்கூடம் போகாமல் கரைக்கும் வீட்டுக்கும் ஓடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பன்னிரண்டு வயது இருக்கலாம். தம்பி இடுப்புக் குழந்தை. போய்ப் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் இன்னும் கொஞ்சம் மேலே இருக்கும். இன்றுவரை மழைச் சத்தம் கேட்டால் எழுந்து கரைப் பக்கம் பார்க்கிறேன்.

காலையில் காரியக்காரர் வந்தார். இந்தத் தடவை சைக்கிளிலிருந்து இறங்கி நின்றார்.

"கரைக்கு வாங்கப்பா. வடகரை கசியுது."

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் கேட்டார். "அறுப்புக்கு வெளியூரு, கரைக்கு நாங்களா? அந்த லாரியையே அனுப்பச் சொல்லுங்களேன்."

"அவனுங்க போயிட்டானுங்க. அவனுங்களுக்குக் கரையப் பத்தி என்னா தெரியும்?" காரியக்காரர் குரல் இறங்கியிருந்தது. "தகராறு தகராறா இருக்கட்டும். வெள்ளத்துல அது வேணாம்."

எங்கள் ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சங்கத்தில் வேலைக்குப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தார்கள். ஆனால் கரைக்காவலை வேலை என்று அவர்கள் நினைக்கவில்லை. வேலை என்றால் கூலி உண்டு. இதற்குக் கூலி கிடையாது, எனவே இது வேலை இல்லை. இப்படி யோசிக்கிறவர்களை என்ன செய்வது? அப்பா முதல் ஆளாக எழுந்து மண்வெட்டியை எடுத்தார். அம்மா தடுத்தாள்.

"நம்ம கரைய யாரு பாக்குறது?"

"நம்ம கரை கெட்டிக் கரை. நாங்க அங்க நின்னா இங்க யாரு வந்து வெட்டப் போறா? நம்ம ஆளுங்க அங்க நிக்கிறப்ப நம்ம தெருவுல கை வைப்பாங்களா?"

அதுதான் அவர் கணக்கு. எங்கள் ஆண்கள் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. தங்கள் உடம்பை உங்கள் கரையில் வைத்தால் அது எங்கள் கரைக்குப் பிணை என்று நினைத்தார்கள். மேற்கே இருந்த மதகுப் பாலத்தைச் சுற்றி வடகரைக்குப் போனார்கள். கை முறிந்த சித்தப்பாவும் போனார். ஒரு கையால் சாக்கைப் பிடித்துக் கொடுப்பாராம்.

தெருவில் பெண்களும் குழந்தைகளும் நடக்க முடியாதவர்களும் மட்டும் இருந்தோம்.

மதியம் நான் கரையில்தான் இருந்தேன். அக்கரையில் அப்பா எங்கே நிற்கிறார் என்று தேடிக்கொண்டிருந்தேன். மழைக்குள் எல்லாரும் ஒரே மாதிரி தெரிந்தார்கள். அப்போதுதான் மதகுப் பக்கமிருந்து எங்கள் கரையிலேயே ஆட்கள் வருவது தெரிந்தது. நாலைந்து பேர். மண்வெட்டி, தடி. முன்னால் ஒருவர், கையில் கறுப்புக் குடை. அவர் மட்டும் பேன்ட் போட்டு முழங்கால்வரை மடித்துவிட்டிருந்தார். எங்கள் ஊரில் பேன்ட் போடுகிறவர் அப்போது ஒருவர்தான்.

கரையைப் பலப்படுத்த வந்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன். உங்களைப் பார்த்து எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் காறித் துப்பத் தோன்றுகிறது.

எங்கள் வீட்டுக்கு நேரே வந்து நின்றீர்கள். அங்கே கரை குறுகல். ஆட்கள் கரையின் தலையில் மண்வெட்டியைப் போட்டார்கள். இரண்டு கொத்து விழுந்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா என்று கத்தினேன். அம்மா தம்பியோடு ஓடிவந்தாள். அவனை என் இடுப்பில் வைத்தாள். பின்னாலேயே இன்னும் சில பெண்கள் வைக்கோல் பிரியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அம்மா உங்கள் காலுக்கு முன்னால் சேற்றில் விழுந்தாள். வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள் அன்றைக்குக் கெஞ்சினாள்.

"சின்னையா, வேணாங்க. புள்ளைங்க இருக்குங்க. எங்க ஆம்பளைங்க அத்தனை பேரும் ஒங்க கரையிலதாங்க நிக்கிறாங்க."

நீங்கள் குடையைக் கொஞ்சம் சாய்த்து அவளைப் பார்த்தீர்கள்.

"தெரியும்" என்றீர்கள்.

அவ்வளவுதான். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மணி என்ன என்று கேட்டால் சொல்வது போலச் சொன்னீர்கள்.

மண்வெட்டி நிற்கவில்லை. முதலில் ஒரு கை அகலத்துக்குத் தண்ணீர் வழிந்தது. வீட்டு வாசலில் குடம் கவிழ்ந்தால் ஓடுமே, அந்த அளவு. அம்மா எழுந்து வைக்கோல் பிரியை வாங்கி அந்த வாயில் திணித்து அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். ஓர் ஆள் தடியால் அவள் தோளில் அடித்தான். அவள் எழுந்திருக்கவில்லை. மறுபடி அடித்தான். இந்தத் தடவை தலையில். மற்றப் பெண்கள் அவன்மேல் பாய்ந்தார்கள், அவர்களுக்கும் அடி விழுந்தது. அதற்குள் கரை தானே சரிந்தது. வைக்கோல், அம்மா, மண், எல்லாம் ஒரே நேரத்தில் போயின. நான் பார்த்தது அவளுடைய முதுகுதான்.

நீங்கள் அதற்குள் மதகை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தீர்கள். ஓடவில்லை, நடந்தீர்கள். குடை பிடித்தபடியே.

என்னையும் தண்ணீர் இழுத்துக்கொண்டு போனது. தம்பியின் கையை நான் பிடித்திருந்தேனா, அவன் என் முடியைப் பிடித்திருந்தானா தெரியவில்லை. எங்களைத் தாண்டி யாருடைய வீட்டுக் கூரையோ முழுசாக மிதந்து போனது. அதன் மூங்கில் சட்டம் கையில் மாட்டியது. அது தெருக் கோடியிலிருந்த தூங்குமூஞ்சி மரத்தில் போய் முட்டி நின்றது. மரத்தில் ஏறினோம். கூடவே பாம்பும் ஏறியது. அது அதன் கிளையில் இருந்தது, நாங்கள் எங்கள் கிளையில் இருந்தோம்.

அந்த மரத்திலிருந்து வடகரை தெரிந்தது. அங்கே எங்கள் ஆட்கள் ஓடியதும் தெரிந்தது. என் அப்பா வடகரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்தார். தன் கண்ணெதிரே தன் தெருவுக்குள் ஆறு இறங்குவதைப் பார்த்தார். ஆற்றில் குதிக்கப் போனவரை நாலு பேர் பிடித்துக்கொண்டார்களாம். மதகுப் பாலத்துக்கு ஓடினார்கள். அங்கே உங்கள் ஆட்கள் தடியோடு நின்றார்கள். "தண்ணி வடியட்டும், இப்பப் போனா நீங்களும் சாவீங்க" என்று நல்லது சொல்கிற மாதிரி சொல்லி மறித்தார்களாம்.

மறுநாள் காலையில் கடற்கரை ஊர் மீனவர்கள் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்கள். மரத்திலிருந்து எங்களை இறக்கியவர் மேலெல்லாம் மீன் வாடை அடித்தது. தம்பியைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு துடுப்புப் போட்டார். "கடலாச்சும் சொல்லிட்டு அடிக்கும் பாப்பா. ஒங்க ஆறு என்னா இப்புடி சொல்லாம அடிச்சிருக்கு?" என்றார். எனக்குப் பதில் தெரியும். பற்கள் கிட்டித்துக் கிடந்ததால் சொல்ல முடியவில்லை.

அம்மா தண்ணீர் வடிந்த பிறகு வடிகாலில் காட்டாமணக்குப் புதருக்குள் கிடைத்தாள். அவளோடு செத்த மற்றவர்களைப் பற்றி அவரவர் வீட்டார் சொல்லட்டும். சொல்ல ஆள் இல்லாத வீடும் உண்டு.

விசாரணை நடந்தது. நடக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். பள்ளிக்கூடத்தில் மேஜை போட்டு ஓர் அதிகாரி உட்கார்ந்தார். எங்கள் ஆட்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். அப்பாவோடு நானும் போயிருந்தேன்.

"கரை ஒடைஞ்சப்ப நீ எங்க இருந்தே?"

"வடகரையிலங்க."

"வடகரை யாருது?"

"மிராசுதாரு பக்கங்க."

"அவரோடதான் ஒங்களுக்குக் கூலித் தகராறு?"

"ஆமாங்க."

"தகராறு இருக்கறவன் அவரு கரையக் காக்க ஏன்யா போறே?"

கரைக்குக் கூப்பிட்டால் போக வேண்டும் என்பதை அந்த அதிகாரிக்கு எந்த வார்த்தையில் சொல்வது? அதிகாரி வெற்றிலைக் கறையோடு சிரித்தார்.

"அப்ப பகை இல்லேங்கறே. பகை இல்லேன்னா எவன் வெட்டுவான்? அந்த மழையில அக்கரையில நின்னுக்கிட்டு இக்கரையில நடந்தது ஒனக்குத் தெரிஞ்சுதாக்கும்?"

"என் பொண்ணு பக்கத்துல நின்னுதுங்க. அது பாத்துதுங்க."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் "குடை" என்று தொடங்கினேன். "சின்னப் புள்ள, பயத்துல ஒளறுது. கூட்டிட்டுப் போ" என்றார். அடி வாங்கிய பெண்கள் சொன்னதையும் பெண் பேச்சு என்று தள்ளினார்கள்.

எங்கள் ஆண்கள் காட்டிய நாணயமே உங்களுக்குச் சாட்சி ஆகிவிட்டது. அவர்கள் உங்கள் கரையைக் காக்க வந்திருந்தார்கள், எனவே நீங்கள் எங்கள் கரையை வெட்டியிருக்க முடியாது. நண்டு வளையில் கசிந்து, வெள்ளத்தால் இயற்கையாக ஏற்பட்ட உடைப்பு என்று எழுதி முடித்தார்கள். அதிலிருந்து அந்த இடத்துக்கு உடைப்பு என்றே பெயர். பஸ் கண்டக்டர்கூட "உடைப்பு இறங்கு" என்றுதான் கத்துகிறார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் செருப்பால் அடிப்பது போல இருக்கும்.

உங்கள் வீட்டிலிருந்து அரிசி வந்தது. ஒரு மாட்டுவண்டி அரிசி. வாங்கித் தின்றோம். தின்னாமல் என்ன செய்வது? அதையும் நீங்கள் மேடையில் சொல்லிக்கொள்கிறீர்கள்.

அப்பா எங்களைப் பேராவூரணிப் பக்கம் அத்தை வீட்டுக்குக் கூட்டிப் போனார். தென்னந்தோப்புப் பிரதேசம். மட்டை உரித்தோம், நார் அடித்தோம். கை கிழிந்தது. ஆனால் மண் காய்ந்து கிடந்தது. மழை பெய்தால் மணல் குடித்துவிடும். தம்பி அங்கேதான் நடக்கப் பழகினான். அத்தை என்னைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தாள். "ஒங்கப்பன் பேசமாட்டான், நீயாச்சும் படிச்சுப் பேசு" என்பாள். அப்பா உண்மையிலேயே பேசுவதை விட்டிருந்தார். சாப்பாடு, தண்ணி, போ, வா. அவ்வளவுதான்.

எங்கள் தெருவுக்குக் குடிமனைப் பட்டா கொடுக்கிறார்கள் என்று செய்தி வந்ததும் திரும்பினோம். உடைப்பை மண் போட்டு அடைத்திருந்தார்கள், மற்ற இடத்தைவிட ஒரு முழம் தாழ்வாக. அது ஏன் தாழ்வு என்று அப்போது யாரும் கேட்கவில்லை. அரசாங்கம் கொடுத்த மனையில் எல்லாரும் வீட்டுத் தளத்தை இடுப்பு உயரத்துக்கு மேடாக்கினார்கள். குளத்திலிருந்து மண் சுமந்தோம். என் தலையில் முடி தேய்ந்த இடம் இன்னும் இருக்கிறது. அந்தத் தெருவில் வீட்டுக்குள் போவது கோபுரம் ஏறுவது மாதிரி என்று வடகரைக்காரர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டும்.

பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையிடம் நான் கேட்ட ஒரே கேள்வி: "நீந்தத் தெரியுமா?"

நீடாமங்கலத்துக் கொத்தனார் அவர். திகைத்துப்போய், "கல்யாணத்துக்கா, கப்பலுக்கா?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை என்றதும் அவரும் நிறுத்திவிட்டு, "தெரியும்" என்றார். அந்த வார்த்தையை நல்லபடியாகக் கேட்டது எனக்கு அதுதான் முதல் தடவை. கட்டிக்கொண்டேன், அவர் எங்கள் தெருவுக்கே குடிவந்தார். எங்கள் வீட்டுக்குள் உத்தரத்தில் அவர் ஓர் இரும்பு வளையம் பதித்துக் கொடுத்தார். அதில் எப்போதும் ஒரு கயிறு தொங்கும். வருகிறவர்கள் தூளி கட்டவா என்பார்கள். ஆமாம் என்பேன்.

சத்துணவு வந்தது. எனக்கு அமைப்பாளர் வேலை கிடைத்தது. நூறு பிள்ளைக்குச் சோறு போட்டேன். மழை நாளில் பிள்ளைகளை எண்ணுவேன், மறுபடி எண்ணுவேன். டீச்சர்கள் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள்.

அப்புறம் மறுபடி ஒரு கார்த்திகை. மறுபடி ஆறு இரண்டு கரையையும் தொட்டது. மறுபடி வடகரையிலிருந்து ஆள் வந்தது. இந்தத் தடவை மோட்டார் சைக்கிளில். என் புருஷன் மண்வெட்டியைத் தேடினார். நான் அதை எடுத்துப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"குடுடி. எல்லாரும் போறாங்க. நான் மட்டும் வூட்டுல ஒக்காந்தா என்னா நெனைப்பாங்க?"

"என்னா வேணா நெனைக்கட்டும்."

"ஆத்துக்கு என்னடி பகை?"

"எங்கப்பாவும் இதத்தான் சொன்னாரு."

அவர் நின்றுவிட்டார். ஆனால் அவர் முகத்தில் அந்த வெட்கத்தைப் பார்த்தேன். போகாவிட்டால் வாழ்நாள் முழுக்க அந்த முகத்தோடுதான் இருப்பார். மண்வெட்டியைக் கொடுத்தேன். கொடுத்துவிட்டு அரிவாளை எடுத்துக்கொண்டு நான் எங்கள் கரைக்குப் போனேன். பக்கத்து வீட்டு அக்கா பார்த்தாள். "எங்கடி?" என்றாள். "உடைப்புக்கு" என்றேன். அவளும் வந்தாள். கொஞ்ச நேரத்தில் தெருப் பெண்கள் எல்லாரும் கரையில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, மடியில் அரிவாளோடு. நனைந்த கோழிகள் மாதிரி இருக்கிறோம் என்று அக்கா சொன்னாள்.

மதகுப் பக்கமிருந்து மூன்று பேர் வந்தார்கள். தோளில் மண்வெட்டி.

"இங்க என்னா பண்றீங்க?" என்றான் ஒருவன்.

"காத்து வாங்குறோம்" என்றாள் அக்கா. "நீங்க என்னா பண்ண வந்தீங்க?"

"கரையப் பலப்படுத்தச் சொன்னாங்க."

"ரொம்ப நல்லது. மண்வெட்டிய வச்சுட்டுப் போங்க. நாங்க பலப்படுத்திக்கிறோம்."

அவன் எங்களைப் பார்த்தான். அரிவாள்களைப் பார்த்தான். அவன் இன்னும் இரண்டு அடி முன்னால் வந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. வெட்டியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் திரும்பிப் போனார்கள். மண்வெட்டியை வைத்துவிட்டுப் போகவில்லை.

அந்த வருஷம் எந்தக் கரையும் உடையவில்லை. இயற்கையாகவே உடைகிற இடம், நாங்கள் உட்கார்ந்திருந்தபோது உடையவில்லை. அதற்குப் பிறகு வந்த வெள்ளத்திலும் உடையவில்லை. ஒவ்வொரு தடவையும் ஆண்கள் வடகரைக்குப் போவார்கள், நாங்கள் தென்கரையில் உட்காருவோம். புது மருமகள் தெருவுக்கு வந்தால் முதல் மழையில் அவளையும் கரைக்குக் கூட்டிப்போவோம்.

இப்போது நீங்கள் மண்வெட்டி வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டீர்கள். சுற்றிலும் கரை உயர்ந்து, எங்களுக்கு நேரே மட்டும் தாழ்வாக இருந்தால், அரிவாளோடு உட்கார்ந்து யாரை மறிப்பது? தண்ணீரையா? அன்று மண்வெட்டி செய்ததைக் கான்கிரீட் செய்யும். திட்டம் என்று பெயர் வரும்.

தம்பி பெரிய படிப்புப் படித்து வெளியூரில் வேலையில் இருக்கிறான். போனில் கேட்கிறான்: "அக்கா, அந்தப் பள்ளத்த விட்டுட்டு இங்க வந்துருங்களேன்." அவனுக்கு அந்த மரம் ஞாபகம் இல்லை. அம்மா முகமும் ஞாபகம் இல்லை. நான் வருவேன் சரி, தெரு வருமா? போன வாரம் லேசாக மழை பெய்தது. எழுந்து கயிற்றை இழுத்துப் பார்த்தேன். அப்புறம் தூளியில் கிடந்த பேரனைப் பார்த்தேன். அப்புறம் மறுபடி கயிற்றை.

அப்பா சாகிறவரை சொன்னது ஒன்றுதான்: "எங்கள அங்க நிக்க வச்சுட்டு வெட்டுனாங்க." கூலித் தகராறில் யார் சரி, யார் தப்பு, எந்தக் கட்சி யாருக்கு என்ன செய்தது என்று நான் கேட்கவில்லை. அதைப் பேச நிறையப் பேர் இருக்கிறார்கள். என் கேள்வி சின்னது.

வருகிற கிராமசபைக்கு நீங்கள் வருவீர்கள். நானும் வருவேன், கரையில் உட்காருகிற பெண்கள் எல்லாரும் வருவார்கள். மைக் உங்களிடம்தான் இருக்கும், இருக்கட்டும். உள்ளே கூப்பிட்டுச் சமாதானம் பேச வேண்டாம். வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். ஊர் முன்னால், எங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். அந்த இடம் தானாக உடைந்ததா? எங்கள் ஆண்கள் உங்கள் கரையில் நிற்கிறார்கள் என்று என் அம்மா சொன்னபோது, "தெரியும்" என்று சொன்னீர்களா, இல்லையா?